எழுத்தை எண்ணியவர்கள்

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் என்றதும் வெற்றிலை வணிகர்க்கு அவ்வூர்ச் சந்தையே நினைவுக்கு வரும். சுற்றுப்புறக் கொடிக்கால்களில் கிள்ளிய வெற்றிலை கட்டுக் கட்டாக அச்சந்தைக்கு வந்து சேரும். அங்கே நெடுங்காலமாக வணிகம் செய்துவரும் அன்பர் ஒருவர் தம் மனக்குறையை ஒருநாள் என்னிடம் இறக்கி வைத்தார்.

“ஹஜ்ரத், பையன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அவன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு பாடம் முழுக்கப் பகடையும் சீட்டுக்கட்டுமாக இருக்கிறது. கையால் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் அதையே பாடமாக நடத்துகிறார்கள். அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லட்டுமா?”

உடனே விடை கூற எனக்கு நா எழவில்லை. கேட்டவர் கல்வியை வெறுப்பவர் அல்லர். பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுபவர். அக்கவலையை நகைத்துத் தள்ளுவது முறையாகாது. அதே வேளையில், ஒரு பாடத்தை விட்ட பிள்ளைக்கு அது தேர்வில் குறையும் மதிப்பெண்ணோடு போய்விடுவதில்லை. மருத்துவம், வேளாண்மை, காப்பீடு, வானிலை, மக்கள்தொகை என்று பல துறைகளின் வாயிலில் அந்தப் பாடமே நிற்கிறது. அதன் பெயர் நிகழ்தகவு. அது சூதாட்டக் களத்தில் பிறந்த கணிதம் என்பதே பலரும் சொல்லும் வரலாறு. அவ்வரலாறு முழுமையானதா என்பதை ஆராய்வோம்.

அம்பும் ஓலையும்

இஸ்லாத்திற்கு முந்திய அரபு நாட்டில் ‘மைஸிர்’ என்றோர் ஆட்டம் இருந்தது. ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக உருவுவர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. முதல் அம்புக்கு ஒரு பங்கு, இரண்டாவதற்கு இரண்டு என ஏறி, ஏழாவதான ‘முஅல்லா’வுக்கு ஏழு பங்கு. எஞ்சிய மூன்றும் வெற்றம்புகள். இவை வந்தவர் ஒட்டகத்தின் விலையைச் சுமக்க வேண்டும். வென்றவர் இறைச்சியை ஏழைகட்கு ஈந்து பெருமை கொண்டாடியதும் உண்டு. எனினும் திருமறை இதனைத் தடுத்தது. இதில் சிறிது பயன் இருப்பினும் தீங்கே பெரிது என்பதை இரண்டாம் அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் உணர்த்துகிறது. ஐந்தாம் அத்தியாயத்தின் 90-ஆம் வசனம் அறவே விலகச் சொல்கிறது.

ஆயின், சீட்டுக் குலுக்குதல் எல்லாமே சூதாகிவிடுமா? ஆகாது. உரிமையில் சமமானவர்களுள் ஒருவரைத் தேர வேண்டியபோது குலுக்கிப் பார்க்கும் ‘குர்ஆ’ என்ற முறை மார்க்கச் சட்ட நூல்களில் இடம்பெற்றுள்ளது. மர்யம் அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்த செய்தி திருமறையின் மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. சூதில் ஒருவன் பொருள் மற்றொருவன் கைக்குப் போகிறது. குர்ஆவிலோ, ஒருதலைச் சார்பு என்ற பழிக்கு இடமின்றிப் போகிறது.

நம் தமிழகத்தில் இதற்கொரு கல்வெட்டுச் சான்றே உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோரும் கூடிய சபையில் எல்லாரும் காணக் குடத்தை உயர்த்திக் காட்டுவர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனை அழைத்து ஒரு கட்டை எடுக்கச் செய்து, அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுக்கச் செய்வர். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியக் கையை அகல வைத்தே வாங்க வேண்டும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் எதற்காக? குலைப்பது, எந்த ஓலையும் மேலே தங்கிவிடாதிருக்க. சிறுவனை அழைப்பது, எடுப்பவனுக்கு விருப்பு வெறுப்பு இல்லாதிருக்க. விரல்களை விரிப்பது, ஓலையை மாற்ற இடமில்லாதிருக்க. ஒவ்வோர் ஓலைக்கும் ஒத்த வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். இன்றைய பாடநூல் ‘சமவாய்ப்பு’ என்று சொல்வது இதனையே. ஒரு குடும்பில் பத்து ஓலை இருந்தால் ஒருவர் பெயர் வரும் நிகழ்தகவு பத்தில் ஒன்று. அந்தப் பின்னத்தைக் கல்வெட்டு எழுதவில்லை. ஆனால் அந்தப் பின்னம் பொய்யாகாமல் காக்கும் காவலை எல்லாம் அது எழுதி வைத்தது.

பஸ்ராவின் அகராதி

இனி அரபு மொழி அறிஞர்பால் வருவோம். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரென நாம் அறிந்த இமாம் அல்-கலீல் இப்னு அஹ்மத் அல்-ஃபராஹீதி, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்தார். அரபு மொழியின் முதல் அகராதியாகிய ‘கிதாபுல் ஐன்’ அன்னாரின் திட்டத்தில் உருவானது.

ஒரு மொழியின் சொற்களை எல்லாம் ஒன்றுவிடாமல் தொகுக்க வேண்டும். விட்டுப்போனது எது என்று அறிவது எப்படி? கேட்ட சொற்களைக் கேட்டபடி எழுதிக்கொண்டே போனால் விட்டுப்போனது தெரியாது. ஆகவே இமாம் அவர்கள் வேறு வழி கண்டார். முதலில் இருக்கக்கூடிய எழுத்துக் கோவைகளை எல்லாம் முறையாக அடுக்குவது. பின்னர் அவற்றுள் மக்கள் வழங்குவன எவை, வழங்காதன எவை என்று பிரிப்பது.

அரபு எழுத்து 28. இரண்டு வெவ்வேறு எழுத்துகளை எடுத்தால் இரண்டு வரிசை, மூன்றை எடுத்தால் ஆறு வரிசை, நான்கிற்கு 24, ஐந்திற்கு 120. க, த, ப என்ற மூன்று மெய்களைப் பாருங்கள். ‘கதப’ என்றால் எழுதினான். வரிசை மாற்றிக் ‘கபத’ என்றால் அடக்கி ஒடுக்கினான். ‘பதக’ என்றால் வெட்டினான். தமிழில் க, ர, டி என்ற மூன்று எழுத்துகளை ஆறு விதமாக மாற்றி வைத்துப் பாருங்கள். கரடி ஒன்றுதான் நமக்குத் தெரிந்த சொல்லாக நிற்கும்.

28 எழுத்துகளிலிருந்து ஈரெழுத்துக் கோவைகள் 756, மூவெழுத்துக் கோவைகள் 19,656, நாலெழுத்துக் கோவைகள் 4,91,400, ஐயெழுத்துக் கோவைகள் 1,17,93,600. மொத்தம் 1,23,05,412. கலீலின் பெயரோடு இணைத்துப் பிற்கால நூலோர் கூறும் தொகை இதுவே. இவற்றுள் வழக்கில் உள்ளவை ‘முஸ்தஃமல்’, வழக்கில் இல்லாதவை ‘முஹ்மல்’ எனப் பெயர் பெற்றன.

பத்தாம் வகுப்பு மாணவன் ‘கூறுவெளி’ என்று படிக்கிறான். நிகழக்கூடியவை அனைத்தின் தொகுதி அது. அதற்குள் நாம் நாடும் பகுதிக்கு ‘நிகழ்ச்சி’ என்று பெயர். முன்னதை எண்ணாமல் பின்னதன் நிகழ்தகவைச் சொல்ல இயலாது. ஓர் அகராதியின் தேவைக்காகக் கலீல் செய்ததும் முதலில் முழுமையை எண்ணியதே ஆகும். ஒரு பகடையும் உருளவில்லை. ஒரு காசும் கைமாறவில்லை.

பக்தாதின் மறையெழுத்து

அடுத்து வருபவர் அரபுத் தத்துவ ஞானி எனப் புகழப்படும் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தீ. ஏறத்தாழ கி.பி. 801 முதல் 873 வரை வாழ்ந்தவர். கூஃபாவில் பிறந்து பக்தாதில் ‘பைத்துல் ஹிக்மா’ அறிஞர்களோடு பணியாற்றியவர். மறையெழுத்தை விடுவிக்கும் வழி பற்றி அவர் எழுதிய சிறு நூல் பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்து, இஸ்தான்புல் நகரத்துச் சுலைமானிய்யா நூலகச் சுவடி ஒன்றிலிருந்து 1980-களில் வெளிச்சத்திற்கு வந்தது. 1987-இல் திமிஷ்கில் அது பதிப்பிக்கப்பெற்றது.

அரசர்கள் இரகசியக் கடிதங்களில் ஓர் எழுத்துக்குப் பதில் வேறோர் எழுத்தை எழுதுவர். குறிப்பு அறியாதவனுக்கு அது புரியாது. அதனை எப்படிப் படிப்பது? கிந்தீ காட்டிய வழி வியப்பூட்டும் எளிமை உடையது. அதே மொழியில் மறைவற்ற ஒரு நீண்ட உரையை எடுத்து ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுக. மறையெழுத்திலும் அவ்வாறே எண்ணுக. உரையில் மிகுதியாக வரும் எழுத்தை, மறையில் மிகுதியாக வரும் குறிக்கு நேராக வைத்துப் பார்க்க.

அவர் வெறும் யோசனை சொன்னதோடு நிற்கவில்லை, தாமே எண்ணினார். 3,667 எழுத்துகள் கொண்ட உரையில் அலிஃப் 600 முறையும் லாம் 437 முறையும் வந்தன என்று பட்டியல் தந்தார்.

இப்போது ஒரு கணக்குச் செய்வோம். 28 அரபு எழுத்துகளை 28 சீட்டுகளில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுத்தால் அலிஃப் வரும் நிகழ்தகவு 28-இல் ஒன்று. ஒரு நூலைக் கண்ணை மூடித் திறந்து ஓர் எழுத்தின்மேல் விரலை வைத்தால் அது அலிஃபாக இருக்கும் நிகழ்தகவு 3,667-இல் 600. அதாவது ஏறக்குறைய ஆறில் ஒன்று. இரண்டும் ஒரே எழுத்து. ஆனால் விடை வேறு. முன்னது எல்லாச் சீட்டும் சமம் என்று கொண்டு அறிவால் கணித்தது. பின்னது உலகில் நடப்பதை எண்ணிக் கண்டது. பாடநூல் இதனைப் ‘பட்டறி நிகழ்தகவு’ என்கிறது, பட்டு அறிவது. எங்கே எல்லாம் சமவாய்ப்பு இல்லையோ அங்கே எல்லாம் பட்டறிவே வழிகாட்டி. நோய் வருவதும் மழை பெய்வதும் அவ்வகையே.

எவ்வளவு எண்ணினால் போதும் என்ற கேள்வியும் எழுந்தது. மூஸிலைச் சேர்ந்த அலீ இப்னு அத்லான் (1187–1268), மறையெழுத்து ஏறத்தாழ 90 எழுத்துக்குக் குறைந்தால் இந்த முறை கைகொடாது என்று எச்சரித்தார். எழுத்துகளின் எண்ணிக்கையைப் போல் மும்மடங்காவது உரை வேண்டும் என்பது அவர் கண்ட அளவு. சிறிதளவைப் பார்த்துவிட்டுப் பெரிய முடிவுக்குத் தாவாதே என்பது இதன் கருத்து. நாலு பேரைப் பார்த்துவிட்டு நாட்டையே எடை போடும் நமக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும்.

மொரோக்கோவின் மராக்கிஷ் நகரில் வாழ்ந்து 1228-இல் மறைந்த இப்னு முன்இம் என்ற கணித அறிஞர், பத்து நிறப் பட்டு நூலைக் கொண்டு எத்தனை வகைக் குஞ்சம் கட்டலாம் என்று கணக்கிட்டார். இரண்டிரண்டு நிறமாக 45, மும்மூன்றாக 120 எனப் பட்டியல் வளர்கிறது. நம் நாட்டிலும் இக்கணக்கு அறியப்பட்டிருந்தது. கிந்தீயின் காலத்தவரே ஆகிய மகாவீரர் என்ற சமண ஆசிரியர், இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 850-இல், தம் ‘கணித சார சங்கிரகம்’ என்ற நூலில் இதற்குப் பொது விதியே கூறியுள்ளார்.

கடிதத்தில் பிறந்த பின்னம்

இத்துணையும் கூறியபின், நிகழ்தகவை முற்றிலும் நம் முன்னோரே கண்டுவிட்டனர் என்று மார் தட்டலாமா? கூடாது. அது வரலாறு ஆகாது. கலீல் எண்ணினார், கிந்தீ அளந்தார், ஆயினும் வாய்ப்பையே ஓர் எண்ணாக்கி, அதனைக் கூட்டியும் பெருக்கியும் காணும் கணக்கு அவர்களிடம் இல்லை. அது ஐரோப்பாவில் எழுந்தது. எழுந்த இடம் சூதாட்டக் கேள்விதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1654-இல் பிரெஞ்சு அறிஞர்களாகிய பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். கேள்வி இது: இருவர் ஆளுக்கு 32 காசு வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று ஆட்டம் வெல்பவருக்கு 64-உம் சேரும். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிட்டது. பணத்தை எப்படிப் பங்கிடுவது?

பாஸ்கல் இவ்வாறு எண்ணினார். அடுத்த ஆட்டத்தை முன்னவர் வென்றால் 64-உம் அவருக்கு. தோற்றால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆகவே எது நடந்தாலும் 32 அவருக்கு உறுதி. ஐயத்தில் இருப்பது மற்ற 32 மட்டுமே. அதில் இருவர் வாய்ப்பும் சமம், எனவே பாதி. முன்னவருக்கு 48, பின்னவருக்கு 16.

ஆட்டத்தை நீக்கிவிட்டு இக்கேள்வியைப் பாருங்கள். முடியாத ஒரு கொடுக்கல் வாங்கலில் நியாயமான பங்கு எவ்வளவு என்பதுதான் உள்ளே இருப்பது. வாரிசுரிமைப் பங்கீட்டுக்காகப் பின்னக் கணக்கைப் பழகிய மதரஸா மாணவனுக்கு இந்த மனப்பாங்கு அந்நியமானதன்று.

அதன்பின் வளர்ச்சி விரைவானது. 1662-இல் ஜான் கிரான்ட் இலண்டன் இறப்புப் பதிவுகளை எண்ணிப் பட்டியலிட்டார். 1693-இல் ஹாலி ஆயுள் அட்டவணை வகுத்தார். 1713-இல், ஆசிரியர் மறைந்து எட்டாண்டு கழித்து வெளியான ஜேக்கப் பெர்னூலியின் நூல், சோதனையின் எண்ணிக்கை பெருகப் பெருகக் கண்ட விகிதம் உண்மை நிகழ்தகவை நெருங்கும் என்பதை நிறுவியது. இப்னு அத்லான் பட்டறிவால் உணர்ந்ததற்குச் சான்று அப்போதுதான் கிட்டியது எனலாம். 1933-இல் ருஷ்ய அறிஞர் கொல்மொகொரொவ் இத்துறைக்கு அடிப்படை விதிகளை வகுத்தார். எந்த நிகழ்தகவும் சுழியத்திற்குக் கீழ் இறங்காது. முழுக் கூறுவெளியின் நிகழ்தகவு ஒன்று. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகள் கூடும்.

அந்தக் கொல்மொகொரொவ் மதிப்பிட்ட ஆய்வேடுகளுள் ஒன்று ஒரு தமிழருடையது. 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் பயின்று, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1963-இல் முனைவர் பட்டம் பெற்ற சீனிவாச வரதன் அவர். அவர் தந்தையார் பள்ளி ஆசிரியர். அரிதினும் அரிதாக நிகழ்பவற்றின் நிகழ்தகவைக் கணிக்கும் கோட்பாட்டை வளர்த்தமைக்காக 2007-இல் ஏபெல் பரிசு அவரை வந்தடைந்தது.

சீட்டு விழுமா?

இக்கணிதத்தை அறியாமையின் விலை என்ன என்பதைத் தமிழகம் நன்கு அறியும். 1968-இல் தமிழக அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 2003 ஜனவரியில் எல்லாப் பரிசுச் சீட்டுகளும் தடை செய்யப்பட்டன. இடையில் கூலியைச் சீட்டில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியோரை நாம் கண்டிருக்கிறோம். இன்று அதே ஆசை கைபேசிக்குள் புகுந்திருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. 000 முதல் 999 வரை மூவிலக்கச் சீட்டு ஆயிரம். சீட்டின் விலை 10 ரூபாய். விழுந்த ஒரே எண்ணுக்குப் பரிசு 5,000 ரூபாய். விழும் நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் சீட்டையும் ஒருவனே வாங்கினால் கொடுப்பது 10,000, பெறுவது 5,000. அதாவது ஒவ்வொரு சீட்டிலும் சராசரியாக ஐந்து ரூபாய் வாங்கும்போதே போய்விட்டது. ஒருவன் நாள்தோறும் ஒரு சீட்டாக ஓராண்டு வாங்கினால் செலவு 3,650 ரூபாய். அவனுக்கு அந்த ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட விழாதிருக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.69. பத்துப் பேர் வாங்கினால் ஏழு பேர் வெறுங்கையர்.

“இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்தே தீரும்” என்பான். சீட்டுக்கு நேற்றைய நினைவு இல்லை. நேற்று விழாதது இன்றைய வாய்ப்பைக் கடுகளவும் கூட்டாது. சூதில் விழுந்தவனை மீண்டும் மீண்டும் இழுப்பது இந்தப் பொய்க் கணக்கே. இதனைக் கற்ற பிள்ளை சூதை நோக்கிப் போவான் என்று அஞ்சுவதினும், கல்லாத பிள்ளை போய்விடுவான் என்று அஞ்சுவதே அறிவுடைமை.

இலையைப் பார்த்து

மகாபாரதத்தின் நளன் கதையை நம் புலவர்களும் பாடியுள்ளனர். அதில் இருதுபன்னன் என்ற மன்னன், ஓடும் தேரிலிருந்து ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இரு கிளைகளில் ஐந்து கோடி இலையும் 2,095 காயும் உள்ளன என்கிறான். நளன் தேரை நிறுத்தி மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. ஐந்து கோடி என்பது கதையின் மிகை. ஆயினும் முழுவதையும் எண்ணாமல் பகுதியைக் கொண்டு மதிப்பிடும் கலை ஒன்று உண்டு என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. சூதறிவும் எண்ணறிவும் தன்னிடம் உண்டு என்று அம்மன்னன் சொல்வதும் கருதத்தக்கது.

கடத்தூர் அன்பரைச் சந்தையில் மீண்டும் கண்டபோது, அவர் வெற்றிலைக் கட்டு ஒன்றைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். மேலே அடுக்கிய இலைகளை அவர் சட்டை செய்யவில்லை; கட்டின் நடுவிலிருந்து சிலவற்றை உருவி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“ஏன் மேலே உள்ளதைப் பார்க்கவில்லை?” என்றேன்.

“மேலே எப்போதும் நல்ல இலையாகத்தானே வைப்பார்கள் ஹஜ்ரத்? நடுவில் உருவினால்தான் சரக்கின் யோக்கியதை தெரியும்.”

“எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பதுதானே?”

“எண்ணி முடிப்பதற்குள் இலை வாடிவிடும்.”

“இதைத்தான் உங்கள் பிள்ளையின் புத்தகம் சொல்கிறது” என்றேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பெண்மக்கள் அடுப்படியில் அறிந்ததும் இதுவே. 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மஹலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலைச் சில வயல்களை மட்டும் அளந்து மதிப்பிட்டதும் இதுவே. மேலே வைத்த இலையை எடுக்காமல் எங்கிருந்தும் சமவாய்ப்போடு எடுக்க வேண்டும் என்பதுதான் அதில் உயிரான விதி.

பகடையைத் தொட மனமில்லையா? தொட வேண்டாம். அவர் மகனுக்கு நான் சொன்ன பயிற்சியை நம் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்வேன். ‘கடத்தூர்’ என்ற சொல்லின் எழுத்துகளைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குக: க, ட, த், தூ, ர் என ஐந்து. ஒன்றை எடுத்தால் மெய்யெழுத்து வரும் நிகழ்தகவு ஐந்தில் இரண்டு. உயிர்மெய் வருவது ஐந்தில் மூன்று. இரண்டும் கூடினால் ஒன்று. அரபு எழுத்து 28-இல் சூரிய எழுத்து 14, சந்திர எழுத்து 14. நாணயம் சுண்டாமலே பாதிக்குப் பாதி கிடைத்துவிட்டது. பின்னர் ஒரு பக்கம் தமிழை எடுத்துக் கிந்தீயைப் போல எழுத்துகளை எண்ணட்டும். தமிழின் 247 எழுத்தில் ஆய்தம் ஒன்று. ஒரு பக்கத்தில் அது எத்தனை முறை வருகிறது என்று அவனே காணட்டும்.

அன்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, உருவிய இலைகளைக் கட்டுக்குள் செருகிக்கொண்டே, “அப்படியானால் படிக்கட்டும். அந்த எழுத்துக் கணக்கை எனக்கும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்” என்றார்.